படர்க்கையில் நிற்கும் ஒநேசிமு

புதிய ஏற்பாட்டில் பவுலின் பெயரால் வழங்கும் 13 நிருபங்களுள் மிகச் சிறியது பிலேமோனுக்கு எழுதப்பட்டதாகும். 25 வசனங்களே கொண்ட, ஒரே தாளில் அடங்கிவிடக்கூடிய இக்கடிதம், சிறையிலிருந்த பவுல் தம்மால் கிறிஸ்தவரான ஒரு வீட்டுத் தலைவருக்கு அவருடைய அடிமையாகிய ஒநேசிமுவைக் குறித்து எழுதியது. அடிமைமுறையைப் பற்றிக் கிறிஸ்தவ வேதம் என்ன சொல்கிறது என்னும் வழக்கு எழுந்தபோதெல்லாம், அம்முறையைக் காக்க முனைந்தோரும் ஒழிக்க முனைந்தோரும் தத்தம் சாட்சியாக முன்னிறுத்திய ஏடு இதுவே. ஒரே கடிதம் இரு தரப்புக்கும் எப்படிச் சாட்சியாக முடிந்தது என்பதற்கான விடையின் ஒரு பகுதி அதன் இலக்கணத்திலேயே இருக்கிறது. எழுதுபவர் தன்மையில் பேசுகிறார். உரிமையாளர் முன்னிலையில் இருக்கிறார். யாருடைய வாழ்க்கை இக்கடிதத்தால் மாறப்போகிறதோ அவர் தொடக்கம் முதல் முடிவு வரை படர்க்கையிலேயே நிற்கிறார். ஒநேசிமு ஒரு சொல்லும் பேசவில்லை. அவரை நோக்கியும் ஒரு சொல் சொல்லப்படவில்லை. வேதாகமத்தில் அடிமைகளைப் பற்றி வரும் பகுதிகள் என்ன சொல்கின்றன என்பதோடு, யாரை நோக்கிச் சொல்கின்றன என்பதையும் சேர்த்துப் படித்தால்தான், அவற்றுக்குள் இருக்கும் முரண்களும் பிற்காலத்தவர் கையில் அவை பட்ட பாடும் விளங்கும்.

முதலில் சொற்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியில் ‘எபெத்’ என்னும் சொல், விலைக்கு வாங்கப்பட்ட அடிமையையும், அரசனிடம் பணிபுரியும் அமைச்சனையும், கடவுளின் ஏவலை ஏற்ற தீர்க்கதரிசியையும் ஒருசேரக் குறிக்கும் அகன்ற சொல்லாகும். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லாகிய ‘தூலோஸ்’ அவ்வளவு நெகிழ்ச்சியுடையதன்று. அன்றாட வழக்கில் அது இன்னொருவரின் உடைமையாக இருக்கும் மனிதரையே குறித்தது. ஆயினும் மொழிபெயர்ப்பாளர்கள் இச்சொல்லை அதன் முழுக் கடுமையோடு கொண்டுவரத் தயங்கினர். 1611-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பில், அடிமையைக் குறிக்கும் நேரடியான ஆங்கிலச் சொல் இரண்டே இடங்களில்தான் வருகிறது. மற்ற இடங்களில் பெரும்பாலும் பணியாள் என்னும் பொருளுடைய சொல்லே ஆளப்பட்டிருக்கிறது. தமிழில் ‘பழைய திருப்புதல்’ என்று சபையார் வழங்கும் மொழிபெயர்ப்பில் தூலோஸ் மூன்று உருவங்களில் வருகிறது: உரோமருக்கு எழுதிய நிருபத்தின் தொடக்கத்தில் பவுல் தம்மைக் குறிக்கும்போது ‘ஊழியக்காரன்’, எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபத்தில் எஜமான்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் இடத்தில் ‘வேலைக்காரர்’, பிலேமோனின் கடிதத்திலும் பிலிப்பியர் நிருபத்தின் கிறிஸ்துப் பாடலிலும் ‘அடிமை’. எனவே எபேசியர் பகுதி ஞாயிறு ஆராதனையில் வாசிக்கப்படும்போது, சம்பளத்துக்கு வேலைசெய்வோருக்குச் சொன்ன நல்லுரையாகவே அது தமிழ்க் காதுகளில் விழுகிறது. கூலியும் இல்லாமல், விலகும் உரிமையும் இல்லாமல், விற்கப்படக்கூடியவராக இருந்த ஒருவருக்குச் சொல்லப்பட்ட சொல் அது என்பது மறைந்துவிடுகிறது.

தமிழில் புதிய ஏற்பாடு முதன்முதலாக அச்சேறிய இடத்தையும் இங்கு நினைத்துப் பார்க்கலாம். டேனியர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியில் 1714-இல் தொடங்கி 1715-இல் அச்சிட்டு முடிக்கப்பட்ட சீகன்பால்குவின் மொழிபெயர்ப்பு, அடிமைமுறையை நூலறிவாக மட்டும் அறிந்த ஊரில் உருவானதன்று. 1707-இல் சீகன்பால்கு பணிபுரிந்த மிஷன் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்த சிறு குழுவினர், ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாக இருந்த போர்த்துகீசிய மொழி பேசியோரே ஆவர்.

யாத்திராகமத்தின் 21-ஆம் அதிகாரம், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து தப்பிவந்த மக்களுக்கு மலையடிவாரத்தில் தரப்பட்ட சட்டத்தொகுப்பின் தொடக்கமாக அமைகிறது. அத்தொகுப்பின் முதற்பொருளே அடிமைதான் என்பது கவனிக்கத்தக்கது. எபிரேயன் ஒருவனை வாங்கினால் அவன் ஆறு ஆண்டு வேலைசெய்து ஏழாம் ஆண்டில் ஈடு எதுவும் கொடுக்காமல் விடுதலையாக வேண்டும் என்கிறது சட்டம். இங்கே ‘நீ’ என்று விளிக்கப்படுபவர் வாங்குபவர், வாங்கப்படுபவர் படர்க்கை. அடிமையின் கண்ணையோ பல்லையோ உரிமையாளர் அடித்துக் கெடுத்துவிட்டால், அதற்கு ஈடாக அந்த அடிமை விடுதலை பெறவேண்டும் என்னும் விதி, அக்காலத்து மேற்காசியச் சட்டங்களோடு வைத்துப் பார்க்கும்போது வியப்பளிப்பது. பாபிலோனிய அரசன் அம்முராபியின் சட்டத்தில் பிறருடைய அடிமையின் கண்ணைக் கெடுத்தவன் அவ்வடிமையின் விலையில் பாதியை உரிமையாளருக்குக் கொடுக்கவேண்டும்; கண்ணிழந்தவருக்கு ஒன்றுமில்லை. ஆனால் இதே 21-ஆம் அதிகாரத்தில், அடிபட்ட அடிமை ஓரிரு நாள் உயிரோடிருந்து பிறகு இறந்தால் உரிமையாளருக்குத் தண்டனையில்லை, ஏனெனில் இழப்பு அவருடைய சொந்தப் பணத்துக்குத்தான் என்னும் விதியும் இருக்கிறது. மகளாகப் பிறந்து விற்கப்பட்டவள் ஆண் அடிமைகளைப்போல ஏழாம் ஆண்டில் வெளியேற முடியாது. முட்டும் மாடு அடிமையைக் கொன்றால் உரிமையாளருக்குத் தரவேண்டிய ஈடு 30 வெள்ளிச் சேக்கல். இயேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாசு பெற்றதாக மத்தேயு சொல்லும் தொகையும் 30 வெள்ளிக்காசுகள்தாம். அடிமையை மனிதராகவும் பணமாகவும் ஒரே நேரத்தில் காணும் இந்த இரட்டைப் பார்வையை உரையாசிரியர்கள் மழுப்பிவிட முயன்றிருக்கிறார்கள். சட்டவரிகள் அதற்கு இடம் தரவில்லை.

லேவியராகமத்தின் 25-ஆம் அதிகாரம் பிரிவினையை இன்னும் கூர்மையாக்குகிறது. வறுமையால் தன்னை விற்ற இஸ்ரவேலனை அடிமையாக நடத்தலாகாது, கூலியாளைப்போலவே நடத்தவேண்டும் என்று சொல்லும் அதே அதிகாரம், சுற்றியுள்ள இனத்தாரிடமிருந்து அடிமைகளை வாங்கிப் பிள்ளைகளுக்குப் பரம்பரைச் சொத்தாக விட்டுச்செல்லலாம் என்றும் அனுமதிக்கிறது. சகோதரனைக் கடுமையாக ஆளாதே என்று தடுக்கும்போது அங்கு வரும் ‘பெரெக்’ என்னும் எபிரேயச் சொல், யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில் எகிப்தியர் இஸ்ரவேலரை வாட்டிய கொடுமைக்கு ஆளப்பட்ட அதே சொல்லாகும். பார்வோன் செய்ததை நீ செய்யாதே என்பது உட்பொருள். அந்த விலக்கு அயலாருக்கு நீட்டப்படவில்லை என்பதும் அதே அளவுக்குத் தெளிவு.

உபாகமம் இவ்விடத்தில் வேறொரு குரலில் பேசுகிறது. விடுதலையாகும் அடிமையை வெறுங்கையாக அனுப்பாமல், மந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் திராட்சை ஆலையிலிருந்தும் கொடுத்தனுப்பவேண்டும் என்று 15-ஆம் அதிகாரம் பணிக்கிறது. பெண் அடிமைக்கும் அவ்வாறே செய்யவேண்டும் என்று சேர்த்து, யாத்திராகமத்தின் பாகுபாட்டைத் திருத்துகிறது. அதற்கு அது காட்டும் காரணம்தான் முக்கியமானது: நீயும் எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பதை நினை. விளிக்கப்படுபவர் இன்னும் உரிமையாளரே. ஆயினும் அவருடைய நினைவுக்குள் அடிமை ஒருவர் குடியேற்றப்படுகிறார். ஓய்வுநாளில் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறவேண்டும் என்னும் விதிக்கும் இந்நூலில் இதே நினைவூட்டல்தான் அடிப்படையாக அமைகிறது.

இவை எல்லாவற்றிலும் தனித்து நிற்பவை அந்நூலின் 23-ஆம் அதிகாரத்தின் 15, 16-ஆம் வசனங்கள். எஜமானிடமிருந்து தப்பி வந்த அடிமையைத் திரும்ப ஒப்படைக்கக் கூடாது. அவர் தாம் விரும்பித் தேர்ந்த ஊரில் உன்னோடு குடியிருக்கட்டும். அவரை ஒடுக்காதே என்பது அவற்றின் சாரம். அம்முராபியின் சட்டம், ஓடிப்போன அடிமையை வீட்டில் ஒளித்து வைத்திருப்பவனுக்கு மரண தண்டனை விதித்தது. பண்டை மேற்காசிய அரசர்கள் தம்முள் செய்துகொண்ட உடன்படிக்கைகளில் தப்பியோடியோரைத் திருப்பியனுப்பும் வாக்குறுதி வழக்கமான ஓர் அம்சம். அப்படியொரு உலகில் இவ்வசனங்கள் நேரெதிராகப் பேசுகின்றன. இங்கு ‘நீ’ யார் என்பதும் மாறிவிட்டிருக்கிறது: உரிமையாளரும் இல்லை, அடிமையும் இல்லை, அடிமை ஓடிவந்து கதவைத் தட்டும் வீட்டுக்காரர், அதாவது மூன்றாம் ஆள். தப்பிவந்தவர் வேற்று நாட்டிலிருந்து வந்தவராகவே இருக்கவேண்டும் என்று சில உரையாசிரியர்கள் சுருக்குவர். வசனத்தில் அக்கட்டுப்பாடு வெளிப்படையாக இல்லை. ஒரு சமுதாயம் இவ்விதியை உண்மையாகவே கைக்கொண்டால், அங்கே யாரையும் அவர் விருப்பத்துக்கு மாறாக அடிமையாக வைத்திருப்பது நடைமுறையில் கடினமாகிவிடும் என்பதை மறுக்க முடியாது.

கைக்கொண்டார்களா என்பது வேறு. எரேமியாவின் 34-ஆம் அதிகாரம் சொல்லும் வரலாறு சட்டத்துக்கும் நடப்புக்கும் இருந்த தொலைவைக் காட்டிவிடுகிறது. பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தபோது சிதேக்கியா அரசனும் தலைவர்களும் எபிரேய அடிமைகளை விடுவிப்பதாக உடன்படிக்கை செய்து விடுவித்தனர். எகிப்தியப் படை வருவதறிந்து முற்றுகை தளர்ந்ததும், விடுவித்தவர்களையே மீண்டும் பிடித்து அடிமைகளாக்கினர். ஆபத்து நேரத்தில் சட்டம் நினைவுக்கு வந்ததையும், ஆபத்து விலகியதும் மறந்ததையும் தீர்க்கதரிசி கடுஞ்சினத்தோடு பதிவுசெய்கிறார்.

புதிய ஏற்பாடு எழுந்த உரோமைப் பேரரசு, அடிமைகளின் உழைப்பின்மேல் வயலும் சுரங்கமும் வீடும் அலுவலகமும் நடந்த சமுதாயம். இயேசுவின் உவமைகளில் அடிமைகள் அடிக்கடி வருகின்றனர். கணக்கு ஒப்புவிக்கின்றனர், காத்திருக்கின்றனர், அடிவாங்குகின்றனர். அம்முறையை நேராகக் கண்டிக்கும் கூற்று ஒன்றும் நற்செய்தி நூல்களில் இல்லை. உங்களுள் முதல்வனாக விரும்புபவன் எல்லாருக்கும் அடிமையாகட்டும் என்னும் தலைகீழாக்கம் மட்டும் இருக்கிறது. சீடரின் கால்களைக் கழுவும் காட்சியும், அடிமையின் உருவெடுத்து அடிமைகளுக்கு விதிக்கப்பட்ட சிலுவையில் இறந்தவராகக் கிறிஸ்துவைப் பாடும் பிலிப்பியர் பகுதியும் இந்த வழியில் வருவன. உருவகமாக அவை வலிமை மிக்கவை. ஆனால் எஜமானர் ஒருவர் அவற்றைக் கேட்டு உருகிவிட்டு, வீட்டுக்குப் போய் அடிமையை ஏவுவதற்குத் தடையேதும் அவற்றில் இல்லை.

கொலோசெயர் 3, எபேசியர் 6, 1 பேதுரு 2, தீத்து 2, 1 தீமோத்தேயு 6 ஆகிய பகுதிகளில் வருபவற்றை ஆய்வாளர்கள் ‘வீட்டு ஒழுங்கு விதிகள்’ என்பர். கணவன் மனைவி, தந்தை பிள்ளை, எஜமான் அடிமை என்று வீட்டை மூன்று உறவுகளாகப் பகுத்துப் பேசும் முறை அரிஸ்டாட்டிலின் அரசியல் நூலிலேயே இருக்கிறது. ஆனால் அங்கே பேச்சு முழுவதும் வீட்டுத் தலைவனைப் பற்றியதே. கொலோசெயர் நிருபத்தில் அடிமைகள் நேராக விளிக்கப்படுகிறார்கள். சபையில் எஜமானும் அடிமையும் ஒரே கூடத்தில் இருந்து ஒரே வாசிப்பைக் கேட்டார்கள் என்பதும், அடிமை தன் நடத்தைக்குத் தானே பொறுப்பேற்கும் மனிதராக மதிக்கப்பட்டார் என்பதும் இதிலிருந்து பெறப்படும். இது புதுமை. அந்தப் புதுமையின் வழியே சொல்லப்பட்டதோ, எல்லாவற்றிலும் கீழ்ப்படியுங்கள் என்பது. கொலோசெயரில் அடிமைகளுக்கு நான்கு வசனங்கள். நீதியும் சமநேர்மையும் காட்டச் சொல்லி எஜமானருக்கு ஒரே வசனம். எபேசியர் நிருபம் மிரட்டுவதை விட்டுவிடுங்கள், பரலோகத்தில் இருவருக்கும் எஜமான் ஒருவரே, அவரிடம் பட்சபாதமில்லை என்று எஜமானருக்குச் சற்றுக் கூடுதலாகச் சொல்கிறது. 1 பேதுருவில் அதுவும் இல்லை; கொடிய எஜமானருக்கும் அடங்கியிருங்கள் என்று வீட்டு அடிமைகளுக்குச் சொல்லி, நியாயமின்றி அடிபடும் அவர்களைக் கிறிஸ்துவின் பாடுகளோடு ஒப்பிட்டு நின்றுவிடுகிறது. அடிமைக்கு இதைவிட உயர்ந்த ஒப்புமை கிடைக்க முடியாது. அவரைக் காப்பதற்கு இதைவிடக் குறைவாகவும் ஒன்றைச் சொல்லியிருக்க முடியாது. 1 தீமோத்தேயுவின் முதல் அதிகாரம் கொலைகாரரோடும் பொய்ச்சாட்சி சொல்வோரோடும் சேர்த்து, பழைய திருப்புதல் ‘மனுஷரைத் திருடுகிறவர்கள்’ என்று பெயர்க்கும் ஆள்பிடி வணிகரையும் குற்றவாளிப் பட்டியலில் வைக்கிறது. அதே நிருபத்தின் ஆறாம் அதிகாரம், அப்படிப்பட்ட வணிகரிடமிருந்து வாங்கப்பட்டிருக்கக்கூடியவரை எஜமானை மதிக்கச் சொல்கிறது.

இனிப் பிலேமோனின் கடிதத்துக்கு வரலாம். மரபான கதை எல்லாரும் அறிந்தது: ஒநேசிமு திருடிவிட்டு ஓடினார், பவுலைச் சந்தித்து மனந்திரும்பினார், திருப்பி அனுப்பப்பட்டார். கடிதத்தில் ஓடினார் என்ற சொல் இல்லை. அவர் சிறிது காலம் பிரிக்கப்பட்டார் என்று செயப்பாட்டு வினையில், செய்தவர் யாரெனச் சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது. ஏதேனும் தீங்கு செய்திருந்தால், கடன்பட்டிருந்தால் என்று ஐயத்தோடுதான் குற்றமும் பேசப்படுகிறது. முதல் நூற்றாண்டு உரோமைச் சட்ட அறிஞர் புரோக்குலுஸ், எஜமானின் சினத்துக்கு அஞ்சி அவருடைய நண்பரிடம் பரிந்துபேச வேண்டிச் செல்லும் அடிமை ஓடிப்போனவராகக் கருதப்படமாட்டார் என்று கருதியதாக உரோமைச் சட்டத் திரட்டு குறிப்பிடுகிறது. இதனைக் கொண்டு பீட்டர் லாம்பே 1985-இல், ஒநேசிமு அத்தகைய பரிந்துரை தேடியே பவுலிடம் வந்தவர் என்று விளக்கினார். ஜான் நாக்ஸ் 1935-இல் உண்மையான உரிமையாளர் பிலேமோன் அல்லர், கடிதத்தில் பெயர் சுட்டப்படும் அர்க்கிப்புவே என்றார். அதை ஏற்றவர் சிலரே. ஓடிப்போனவரின் கதை உறுதியான வரலாறாகக் கொள்ளத்தக்கதன்று என்ற அளவுக்கு இவ்வாய்வுகள் பயன்பட்டுள்ளன.

‘ஒநேசிமு’ என்றால் பயனுள்ளவன் என்று பொருள். உரிமையாளர்கள் அடிமைகளுக்கு விரும்பி இட்ட பெயர்களுள் ஒன்று அது. ஒரு மனிதரை அவர் தரும் பயனால் மட்டும் அழைப்பது. முன்பு உனக்குப் பயனற்றவர், இப்போது உனக்கும் எனக்கும் பயனுள்ளவர் என்று பவுல் சிலேடையாக எழுதுகிறார். அதற்கு முந்திய வசனத்தில் அவர் செய்வது இன்னும் ஆழமானது: தம் கட்டுகளில் ஒநேசிமுவைப் பெற்றெடுத்ததாகச் சொல்கிறார். உரோமைச் சட்டத்தில் அடிமைக்குத் தந்தை இல்லை. அவர் பெற்றோர் யாராயிருந்தாலும் சட்டம் அவ்வுறவை அறியாது. தந்தையில்லாதவருக்குத் தம்மைத் தந்தையாக்கி, பின்பு அந்த மகனைப் பிலேமோனுக்குச் சகோதரராக்கி, இனி அடிமையாக அன்று, அடிமையினும் மேலாக, உடலிலும் ஆண்டவரிலும் அன்பான சகோதரராக ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார். ‘உடலில்’ என்ற சொல் இங்கு வீணாக வரவில்லை. ஞான உறவு மட்டும் போதும், வீட்டில் நடப்பது நடக்கட்டும் என்னும் தப்புவழியை அது அடைக்கிறது.

அடுத்து, கணக்கு மொழி வருகிறது. கூட்டாளியாக என்னை நினைத்தால் என்னை ஏற்பதுபோல அவரை ஏற்றுக்கொள். அவர் பட்ட கடனை என் கணக்கில் எழுது. நானே திருப்பித் தருவேன், இதோ என் கையெழுத்து. நீ உன்னையே எனக்குக் கடன்பட்டிருப்பதை நான் சொல்லவேண்டியதில்லை என்ற கருத்தில் பவுல் எழுதுகிறார். கையில் காசில்லாத கைதி எழுதிக்கொடுக்கும் கடன்பத்திரம் இது. எஜமான் அதை எடுத்துக்கொண்டு வசூலுக்குப் போக முடியாது என்பதை எழுதியவரும் பெற்றவரும் அறிவர். பின்னர், உன் கீழ்ப்படிதலை நம்பி எழுதுகிறேன், நான் சொல்வதற்கு மேலாகவே செய்வாய் என்று முடிக்கிறார். வீட்டு ஒழுங்கு விதிகள் அடிமைகளிடம் கேட்கும் கீழ்ப்படிதலும் இங்கு எஜமானிடம் கேட்கப்படும் கீழ்ப்படிதலும் ஒரே கிரேக்க வேரிலிருந்து வருவன. எனக்கு ஒரு தங்குமிடம் ஆயத்தம்செய் என்னும் அடுத்த வரியில், நடந்ததை நேரில் வந்து பார்ப்பேன் என்பது மென்மையாக மறைந்திருக்கிறது.

உரோமை எழுத்தாளரான இளைய பிளினி, தம் நண்பர் சபினியானுஸ் என்பவருக்கு அவர் சினந்து ஒதுக்கிய ஒருவருக்காக எழுதிய கடிதத்தை இதனோடு ஒப்பிடுவது வழக்கம். ஒதுக்கப்பட்ட அவர் அடிமையாக இருந்து விடுவிக்கப்பட்டவர். அவர் அழுதார், கெஞ்சினார், உண்மையாகவே வருந்துகிறார் என்று பிளினி எழுதுகிறார்; மன்னித்துவிடு என்று கேட்கிறார். பவுலின் கடிதத்தில் ஒநேசிமுவின் கண்ணீரோ வருத்தமோ பேசப்படவே இல்லை. பிளினியின் கடிதம் படிநிலையைப் பழையபடி நிறுத்துகிறது. பவுலின் கடிதமோ அதை அசைக்கிறது. ஆனால் விடுதலை செய் என்னும் வெளிப்படையான சொல்லை மட்டும் பவுல் எழுதவில்லை. தப்பிவந்தவரைத் திருப்பியனுப்பாதே என்னும் உபாகம விதியை யூதக் கல்வியில் தேர்ந்த அவர் அறியாதிருக்க வழியில்லை; அதைப் பற்றியும் அவர் வாய்திறக்கவில்லை. உன் சம்மதமின்றி ஒன்றும் செய்ய விரும்பவில்லை என்று எஜமானின் உரிமையை மதிப்பதாகவே காட்டிக்கொள்கிறார். இம்மௌனத்தை நாகரிகமான அழுத்தம் என்று பாராட்டுவோர் உண்டு. எழுதப்பட்ட நாளில் அது அப்படியே இருந்திருக்கலாம். எழுதியவரும் பெற்றவரும் மறைந்தபின், எழுதப்படாத சொல்லை யாரும் மேற்கோளாகக் காட்ட முடியாது போயிற்று.

ஒரு சிறு இலக்கண நுட்பம் இவ்விடத்தில் தமிழ் வாசகருக்கு எளிதாகப் பிடிபடும். கடிதத்தின் வாழ்த்தும் முடிவும் ‘உங்கள்’ என்று பன்மையில் இருக்க, நடுவில் வரும் வேண்டுகோள் முழுவதும் ‘நீ’ என்னும் ஒருமையில் இருக்கிறது. பெறுபவராகப் பிலேமோனோடு அப்பியாளும் அர்க்கிப்பும் அவர் வீட்டில் கூடும் சபையும் குறிக்கப்பட்டுள்ளனர். ஒருவரை நோக்கிப் பேசிய பேச்சு, ஊரார் காதில் விழும்படி வாசிக்கப்பட்டிருக்கிறது. கொலோசெயர் நிருபத்தில் தீகிக்குவோடு ஒநேசிமு என்னும் ஒருவர் அனுப்பப்படுவதாக வருவதால், கடிதத்தைக் கொண்டுவந்தவரும் அவராகவே இருக்கலாம். அப்படியானால் தம்மைப் பற்றிய வழக்கை அவர் அக்கூடத்தில் நின்றே கேட்டிருப்பார்.

நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்தவம் அதிகாரத்தோடு கைகோத்தபின், அக்கூடத்தில் எஜமானரின் இருக்கைகளே மிகுந்தன. சுமார் 340-இல் கூடிய கங்ரா சங்கம், பக்தியைக் காரணங்காட்டி எஜமானை அவமதிக்கவோ வேலையை விட்டுப் போகவோ அடிமைக்குக் கற்பிப்பவனைச் சபித்தது. யோவான் கிறிசோஸ்தம் பிலேமோன் நிருபத்துக்கு எழுதிய உரையின் முகவுரையில், அடிமைகளை எஜமானரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பதே இக்கடிதம் கற்பிக்கும் பாடங்களுள் ஒன்று என்றார். அவரே கொரிந்தியர் நிருபத்துக்கான பிரசங்கமொன்றில், அடிமைகளை வாங்கித் தொழில் கற்பித்து விடுதலை செய்யுங்கள் என்று செல்வரை ஏவினார். நிசாவின் கிரகோரி மட்டும், சுமார் 380-இல் பிரசங்கி நூலின் இரண்டாம் அதிகாரத்துக்கு உரைசொல்லும்போது, கடவுளின் சாயலுக்கு என்ன விலை வைத்தாய் என்ற கருத்தில் உரிமையாளரை நேராகக் கேட்டார். பண்டைக்காலத்தில் அடிமைகளை வைத்திருப்பதையே பாவமென்று இவ்வளவு வெளிப்படையாகத் தாக்கிய குரல் வேறொன்றைக் காண்பது அரிது. அது தனிக்குரலாகவே நின்றது. நான்காம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கும் உரோமை அடிமைகளின் கழுத்து வளையங்களில், ஓடினால் பிடித்து இன்னாரிடம் ஒப்படையுங்கள் என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. அவற்றுள் சிலவற்றில் கிறிஸ்துவின் எழுத்துச் சின்னம் உண்டு. சார்டீனியாவில் கிடைத்த ஒன்று தலைமைத் திருத்தொண்டர் ஒருவருக்கு உரிமையான அடிமையின் கழுத்திலிருந்தது.

அட்லாண்டிக் அடிமை வணிகத்தின் காலத்தில், வேதாகமம் யாரை நோக்கிப் பேசுகிறது என்பதைத் தீர்மானிக்க அதையே வெட்டிச் சுருக்கும் துணிவும் பிறந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று 1807-இல் இலண்டனில் அச்சிடப்பட்ட தொகுப்பில், சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்திலுள்ள 1,189 அதிகாரங்களில் 232 மட்டுமே இடம்பெற்றன. எகிப்திலிருந்து வெளியேறிய வரலாறு விடப்பட்டது. எஜமானருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் பகுதி தங்கியது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வெட்டுவதற்குப் பதில் தேர்ந்தெடுத்துப் பிரசங்கித்தார்கள். 1833-இல் ஜார்ஜியாவின் லிபர்ட்டி கவுண்டியில், பிரஸ்பிட்டேரியன் போதகர் சார்லஸ் கோல்காக் ஜோன்ஸ் அடிமைகளின் கூட்டத்தில் பிலேமோன் நிருபத்தை எடுத்து, பவுலின் பெயரால் ஓடிப்போவதைக் கண்டித்தபோது, கேட்டவர்களில் பாதிப்பேர் எழுந்து வெளியேறிவிட்டனர். இருந்தவர்களில் சிலர், அப்படியொரு நிருபம் வேதாகமத்திலேயே இல்லை என்று அடித்துச் சொன்னதாக ஜோன்ஸே பதிவுசெய்துள்ளார். எழுத்தளவில் அவர்கள் சொன்னது பிழை. எஜமானை நோக்கி, அவருடைய உரிமையைக் கரைப்பதற்காக எழுதப்பட்ட ஒரு கடிதத்தை, அடிமைகளை நோக்கித் திருப்பி, அவர்களுடைய கால்களைக் கட்டுவதற்காக வாசித்தால், அது அந்தக் கடிதமாக இருப்பதில்லை என்ற அளவில் அவர்களுடைய தீர்ப்பு போதகருடையதைவிட நுட்பமானது.

1850-இன் தப்பியோடிய அடிமைகள் சட்டம், வட மாநிலத்தவரையும் பிடித்துக்கொடுக்கும் கடமைக்குள் இழுத்தது. உபாகமம் 23-இன் மூன்றாம் ஆள் இப்போது பாஸ்டனிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் வாழும் சாதாரணக் குடிமகன். ஆண்டோவர் இறையியல் கல்லூரியின் புகழ்பெற்ற எபிரேய அறிஞர் மோசஸ் ஸ்டூவர்ட், அவ்விதி புறச்சமய எஜமானரிடமிருந்து தப்பிவந்தோருக்கே உரியது என்றும், பவுல் ஒநேசிமுவைத் திருப்பியனுப்பியதே கிறிஸ்தவருக்கு முன்மாதிரி என்றும் எழுதினார். ஃபிலடெல்ஃபியாவின் ஆல்பர்ட் பார்ன்ஸ் 1846-இலேயே வெளியிட்ட விரிவான ஆய்வு, வேதத்தின் கொள்கைகள் அடிமைமுறைக்கு எதிரானவை என்று நிறுவ முனைந்தது. தனித்தனி வசனங்களை அடுக்குவதில் அடிமை உரிமையாளர் தரப்பே வென்றுகொண்டிருந்தது என்பதை இன்றைய வரலாற்றாசிரியர்கள் ஒப்புக்கொள்கின்றனர். ஒழிப்புத் தரப்பு எழுத்திலிருந்து அதன் போக்குக்கு நகரவேண்டியதாயிற்று.

போக்கைப் பற்றி வாதிடாமலே முடிவுக்கு வந்தவர்களும் இருந்தனர். அமெரிக்கக் கறுப்பின இறையியலாளர் ஹோவர்ட் தர்மன் 1949-இல் வெளியிட்ட தம் நூலில், அடிமையாகப் பிறந்த தம் பாட்டிக்குச் சிறுவயதில் வேதாகமம் வாசித்துக் காட்டியதைச் சொல்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மையார், அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரத்தை எப்போதாவது கேட்டதைத் தவிர, பவுலின் நிருபங்களை வாசிக்கவே விடவில்லை. எஜமானின் போதகர் கீழ்ப்படியுங்கள் என்ற பகுதியையே மீண்டும் மீண்டும் பிரசங்கித்ததால், விடுதலை கிடைத்து என்றாவது வாசிக்க முடிந்தால் அப்பகுதியைத் தொடுவதில்லை என்று அவர் உறுதி பூண்டிருந்தார்.

அவர் ஒதுக்கிவைத்த நிருபங்களுள்தான், பவுல் ஓர் அடிமையைப் பன்மையில் அல்லாமல் ஒருமையில், ‘நீ’ என்று நேருக்கு நேர் விளிக்கும் இடம் இருக்கிறது. 1 கொரிந்தியர் 7-ஆம் அதிகாரத்தின் 21-ஆம் வசனம், அழைக்கப்பட்டபோது நீ அடிமையாயிருந்தால் கவலைப்படாதே என்று தொடங்கி, விடுதலையாக முடியுமானால் பயன்படுத்திக்கொள் என்று சொல்லி, எதைப் பயன்படுத்துவது என்பதைச் சொல்லாமல் விடுகிறது. கிரேக்க வாக்கியத்தில் செயப்படுபொருள் இல்லை. விடுதலைக்கு வாய்ப்பிருந்தாலும் அடிமை நிலையையே பயன்படுத்து என்று கிறிசோஸ்தம் பொருள்கொண்டார். அவர் வழியில் பலர் சென்றனர். 1973-இல் ஸ்காட் பார்ச்சி இரண்டு விளக்கங்களையும் ஏற்காமல் மூன்றாவதொன்றை முன்வைத்தார். 1995-இல் ஆல்பர்ட் ஹாரில் அக்காலக் கிரேக்க நூல்களில் வரும் ஒத்த தொடர்களைத் திரட்டி, விடுதலையைப் பயன்படுத்து என்பதே பொருந்தும் பொருள் என்று காட்டினார். தமிழின் பழைய திருப்புதலும் அந்த வெற்றிடத்தைச் சுயாதீனத்தின் பக்கமாகவே நிரப்பியிருக்கிறது. இரண்டு வசனங்கள் தள்ளி, விலைகொடுத்து வாங்கப்பட்டிருப்பதால் மனிதருக்கு அடிமைகளாகவேண்டாம் என்று பவுல் எழுதும்போது, ‘நீ’ என்பது ‘நீங்கள்’ ஆகிவிடுகிறது. கொரிந்து நகரின் அந்தச் சபையில் அடிமையும் அவரை வாங்கியவரும் அப்பன்மைக்குள் ஒன்றாக அமர்ந்திருந்தார்கள்.